ஒரு பல்லுக்கு 30,000 ரூபாய்... அரசு ஆஸ்பத்திரியில் இம்பிளாண்ட் இலவசமாகக் கிடைக்குமா?

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். அஞ்சுகிராமம் பக்கம் பல் போனால் பனங்கிழங்கும் போச்சு. அவித்த கிழங்கை நார் உரித்துக் கடிக்கக் கடைவாய்ப் பல் வேண்டும். மரச்சீனியைக் குழைய வேகவைத்துச் சமாளிக்கலாம். முறுக்கு, நேந்திரங்காய் வற்றல், கொஞ்சம் முற்றிய நுங்கு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் கஞ்சியும் ரசம் சாதமும்தான் மிஞ்சும்.

பல்செட் வாங்கியவர்களில் பலர் அதை டம்ளரில் போட்டு வைத்துவிட்டு வெறும் ஈறால்தான் சாப்பிடுகிறார்கள். குறிப்பாக, கீழ்த் தாடை பல்செட் நாக்கு அசைந்தாலே தூக்கிக்கொண்டு வரும். ‘இம்பிளாண்ட் போட்டால் சொந்தப் பல் மாதிரி நிற்கும்’ என்று பல் டாக்டர் சொன்னதும் ஆசை வருகிறது. அடுத்த நிமிடமே விலை தெரிகிறது. தனியார் மருத்துவமனைகளில் ஒரு பல்லுக்குச் சுமார் 20,000 ரூபாயில் தொடங்கி 50,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். தினக்கூலி வாங்குகிற வீட்டுக்கு இது சில மாத வருமானம்.

அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. ‘வீட்டில்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே... அதுல போட முடியாதா? அரசு ஆஸ்பத்திரியில சும்மா போட மாட்டாங்களா?’

சுருக்கமான பதில்: சிலருக்கு வழி இருக்கிறது, பெரும்பாலோருக்கு இல்லை. யாருக்கு இருக்கிறது, அஞ்சுகிராமத்தில் இருப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும், ‘இலவசம்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன செலவு ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதல் நோயாளி அழகுக்காக வரவில்லை

இம்பிளாண்ட் என்பது முழுப் பல் அல்ல, பல்லின் வேர். டைட்டானியம் உலோகத்தில் செய்த சிறிய திருகாணியைத் தாடை எலும்பில் பதிக்கிறார்கள். அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே பல் வடிவத்தில் ஒரு கேப். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பல்.

சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-ல் முயலின் காலெலும்பில் டைட்டானியக் கருவியை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தபோது கருவி வரவில்லை. எலும்பு அதை ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. இந்தத் தற்செயல் கண்டுபிடிப்பில் பிறந்ததுதான் இன்றைய இம்பிளாண்ட்.

1965-ல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைப் பொருத்தினார். அவர் பெயர் யோஸ்டா லார்சன். பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறையும் இருந்தவர், சரியாகச் சாப்பிடவும் பேசவும் முடியாதவர். 2006-ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இம்பிளாண்டுகள் அவருக்கு உதவின.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இம்பிளாண்ட் முதலில் போனது சிரிப்பை அழகாக்க அல்ல, சாப்பிட முடியாத ஒருவரைச் சாப்பிட வைக்க. இன்றும் உலகம் முழுக்க அரசுகள் யாருக்கு இலவசமாகக் கொடுப்பது என்று யோசிக்கும்போது இதே இடத்துக்குத்தான் திரும்பி வருகின்றன.

காப்பீட்டு அட்டை என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2022 முதல் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்.

ஆனால், இது அடிப்படையில் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கான திட்டம். ஆயுஷ்மான் பாரத் விதிகளில் பல் சிகிச்சை பொதுவாக விலக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, அழகுக்காகச் செய்வது, வயதாகித் தேய்ந்ததைச் சரிசெய்வது எதுவும் சேராது. விலக்குக்கு விலக்கு ஒன்றும் இருக்கிறது: விபத்தில் ஏற்பட்ட பாதிப்பு. தாடை எலும்பு முறிவை இணைப்பது, தாடையில் வரும் கட்டியையும் நீர்க்கட்டியையும் அகற்றுவது போன்ற அறுவை சிகிச்சைகளும் பட்டியலில் உள்ளன.

அதாவது, சொத்தையாலோ ஈறு நோயாலோ வயதாலோ பல் விழுந்தவருக்கு அட்டையைக் காட்டி இம்பிளாண்ட் கேட்க வழியில்லை. பனை மரத்திலிருந்து விழுந்து தாடை உடைந்தவர், பைக் விபத்தில் முன்பற்களை எலும்போடு இழந்தவர், வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையின் ஒரு பகுதியை எடுத்தவர், அண்ணப்பிளவோடு பிறந்தவர் ஆகியோரின் கதை வேறு. இவர்களுக்குப் பல் வைப்பது முகத்தையும் தாடையையும் மீட்கும் சிகிச்சையின் கடைசிப் படி. அதனால் முதல் அறுவை சிகிச்சை நடக்கும்போதே கேட்க வேண்டும்: ‘பிறகு பல் எப்படி வைப்பீர்கள்? அதுவும் இந்த அனுமதிக்குள் வருமா?’ டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து ஓராண்டு கழித்துக் கேட்டால், கோப்பை மறுபடி திறப்பது கடினம்.

எந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறது என்பது அவ்வப்போது மாறும். காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகலாம்.

இ.எஸ்.ஐ. வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் தொழிலாளர்களுக்கான திட்டம் அது. வேலையின்போது ஏற்பட்ட விபத்தில் பல் போயிருந்தால் செயற்கைப் பல்செட் பெற அதில் வழி உண்டு. இதற்கு விபத்து நடந்தவுடனே நிறுவனம் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். ‘சின்ன அடிதானே’ என்று விட்டுவிட்டால் உரிமையும் போய்விடும்.

அஞ்சுகிராமத்திலிருந்து எங்கே போவது?

முதல் படி, பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையம். பல வட்டார சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் இருக்கிறார். பல் எடுப்பது, அடைப்பது, சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு அங்கே காசு கிடையாது. இம்பிளாண்டுக்கு அங்கே ஏன் போக வேண்டும் என்று தோன்றலாம். ஈறில் சீழும் பல்லில் காரையும் இருக்கும் வாயில் எந்த டாக்டரும் திருகாணி வைக்க மாட்டார். அந்த ஆயத்த வேலையை 15 கிலோமீட்டருக்குள்ளேயே முடித்துவிடலாம்.

இரண்டாவது படி, நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் 2001-ல் தொடங்கப்பட்ட கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தாடை முறிவு, கட்டி, புண் ஆறாமை போன்றவற்றுக்கு மாவட்டத்தின் பெரிய அரசு இடம் இதுதான். மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டிய இடமும் இதுவே. அந்தக் கடிதம் இல்லாமல் வெளியூர் போனால், அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

மூன்றாவது படி, அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் 1953-ல் தொடங்கிய கல்லூரி மூத்தது. அடுத்தது, தனியாரிடமிருந்து அரசின் கைக்கு வந்த சிதம்பரம் கல்லூரி. புதுக்கோட்டைக் கல்லூரி 2023-ல் திறக்கப்பட்டது. இந்த மூன்றில் ஒன்றுகூட மதுரைக்குத் தெற்கே இல்லை.

பல் கட்டும் துறையின் மேற்படிப்பில் இம்பிளாண்ட் பயிற்சியும் ஒரு பகுதி. எனவே மேற்படிப்பு நடக்கும் கல்லூரிகளில்தான் விசாரிக்க வேண்டும். அங்கே டாக்டரின் உழைப்புக்கும் ஆபரேஷன் அறைக்கும் காசு இருக்காது. திருகாணியும் இணைப்புத் துண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருட்கள். ‘இலவசம்’ என்பதில் அவையும் சேருமா என்பதுதான் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி.

அரசுக் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு, பக்கத்திலேயே காவல்கிணறிலும் குலசேகரத்திலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வதால், பொதுவாகக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவு. நேரம் அதிகம் ஆகும். ஒரு பல்செட்டுக்கே நாலைந்து முறை வரச் சொல்வார்கள். பொறுமை இருப்பவர்களுக்கு இது லாபம்தான்.

‘இலவச’ பல்லின் விலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இம்பிளாண்ட் ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. ஸ்கேன் எடுக்க ஒரு முறை, திருகாணி பதிக்க ஒரு முறை, தையல் பிரிக்க ஒரு முறை. எலும்பு ஒட்டிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு அளவெடுக்க ஒரு முறை, கேப் மாட்ட ஒரு முறை. குறைந்தது ஐந்து பயணம். எலும்பு குறைவாக இருந்து எலும்புத் தூள் வைக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும்.

சென்னை என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 700 கிலோமீட்டர். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் கோட்டை நிலையம் போனால் கல்லூரி எதிரிலேயே இருக்கிறது. ஸ்லீப்பர் வகுப்பில் போனாலும் போக வர ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம் ஆகும். வயதானவர் தனியாகப் போக முடியாது, கூட ஒருவர் வேண்டும். ஐந்து பயணம், இரண்டு பேர் என்றால் டிக்கெட்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 10,000 ரூபாய். சாப்பாடு, தங்கல், இருவரின் கூலி இழப்பு எல்லாம் தனி.

போகவே கூடாது என்பதல்ல இதன் பொருள். தாடையை இழந்தவருக்கு இந்தப் பயணம் நிச்சயம் பயன் தரும். ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்காகப் போகிறவர், உள்ளூரில் பிரிட்ஜ் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது நல்லது.

முதல் முறை போகும்போதே கேட்க வேண்டியவை:

* மொத்தம் எத்தனை முறை வர வேண்டும்? தையல் பிரிப்பதை ஆசாரிப்பள்ளத்தில் செய்துகொள்ளலாமா?
* திருகாணி, இணைப்புத் துண்டு, கேப்... எதற்குப் பணம், எதற்கு இல்லை?
* எந்தக் கம்பெனித் திருகாணி? அதன் ஸ்டிக்கரைச் சிகிச்சைப் புத்தகத்தில் ஒட்டித் தருவீர்களா? (பின்னாளில் வேறு ஊரில் பழுது பார்க்க இது மிக அவசியம்.)
* எலும்பில் ஒட்டாமல் போனால் மறுபடி இலவசமாகச் செய்வீர்களா?

டாக்டர் ‘இப்போது வேண்டாம்’ என்றால்

பணம் இருந்தாலும் இம்பிளாண்ட் எல்லோருக்கும் ஒத்துவராது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறாது, திருகாணியும் எலும்பில் ஒட்டாது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை விடாமல் சாப்பிடுவதுதான் இம்பிளாண்டுக்கான முதல் தயாரிப்பு.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் தோல்வி வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்களும், கழுத்து, தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டுப் பல் பிடுங்கினாலே தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. திருவனந்தபுரத்திலோ நெய்யூரிலோ புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் அந்தக் கோப்பைப் பல் டாக்டரிடம் கொண்டுபோவது கட்டாயம்.

விழுந்த பல்லைக் குப்பையில் போடாதீர்கள்

இம்பிளாண்டே தேவைப்படாமல் செய்யும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விபத்தில் நிரந்தரப் பல் வேரோடு கழன்று விழுந்தால், அதைத் திரும்ப அதே குழியில் பொருத்த முடியும். அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பல்லை மேல்பக்கத்தில் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் சில நொடி மட்டும் கழுவலாம், தேய்க்கக் கூடாது. பாலில் போட்டு எடுத்துப்போவது நல்லது. துணியிலோ காகிதத்திலோ மடித்தால் வேர் காய்ந்துவிடும். குழந்தைகளின் பால்பல் விழுந்தால் திரும்பப் பொருத்தத் தேவையில்லை. பள்ளி ஆசிரியர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் இதைத் தெரிந்துவைத்திருந்தால், பல பிள்ளைகளின் முன்பல் பிழைக்கும்.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தாடை உடைந்தவரை, ‘காசு இல்லையே’ என்று வீட்டுக்குக் கூட்டிப்போகத் தேவையே இல்லை.

மற்ற ஊர்களில் எப்படி?

இலவச மருத்துவத்துக்குப் பெயர்போன இங்கிலாந்தில்கூட இம்பிளாண்ட் எல்லோருக்கும் இலவசம் கிடையாது. வாய்ப் புற்றுநோய், விபத்து, பிறவிக் குறை உள்ளவர்கள், பல்செட் போட்டுக்கொள்ளவே முடியாதவர்கள் ஆகியோருக்குத்தான் அரசு செலவு செய்கிறது. மற்றவர்கள் தனியாரிடம்தான் போக வேண்டும்.

தென்கொரியா வேறு வழியில் போனது. 2014-ல் 75 வயது கடந்தவர்களுக்குத் தேசியக் காப்பீட்டில் இம்பிளாண்டைச் சேர்த்தது. 2015-ல் வயதை 70 ஆகவும், 2016-ல் 65 ஆகவும் குறைத்தது. சில பற்களாவது மிஞ்சியிருப்பவர்களுக்கு வாழ்நாளில் இரண்டு இம்பிளாண்ட். தொடக்கத்தில் பாதிச் செலவை நோயாளி கொடுத்தார், 2018 முதல் 30 சதவிகிதம் கொடுத்தால் போதும்.

நமக்குப் பக்கத்தில், கேரளத்தில் ‘மந்தஹாசம்’ என்ற திட்டம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 60 வயது கடந்த அந்த மாநிலத்தவருக்கு இலவசப் பல்செட். இம்பிளாண்ட் அளவுக்குப் போகாமல், மெல்ல ஒரு வழி செய்து கொடுக்கிறது. அஞ்சுகிராமத்துக்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பல மடங்கு பக்கம். ஆனாலும், திட்டம் எல்லையோடு நின்றுவிடுகிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய நிபுணர்கள் சொன்னதும் இங்கே பொருந்தும். பல் முழுவதும் போனவருக்குக் கீழ்த் தாடையில் இரண்டே இரண்டு இம்பிளாண்ட் வைத்து, அதில் பல்செட்டைப் பொத்தான் மாதிரி மாட்டிவிட்டால் போதும், அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். 14 பல்லுக்கு 14 திருகாணி தேவையில்லை. உலகில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவிகிதம் பேர் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. அவ்வளவு பேருக்கும் எட்டுகிற யோசனை இது. தமிழ்நாட்டில் அரசு என்றாவது இம்பிளாண்டைக் காப்பீட்டில் சேர்க்க நினைத்தால், இந்த இரண்டில் தொடங்கலாம்.

இந்த விளம்பரத்தை நம்பாதீர்கள்

‘முதியோருக்கு அரசின் இலவச இம்பிளாண்ட், இன்றே பதிவு செய்யுங்கள்’ என்று செல்போனில் விளம்பரம் வந்தால், அதில் ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் கொடுக்காதீர்கள். அரசுத் திட்டம் எதற்கும் ஓ.டி.பி. கேட்டு யாரும் போன் செய்வதில்லை. ‘பதிவுக் கட்டணம் 500 ரூபாய்’ என்றால் அது மோசடிதான். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். உண்மையான அரசு சிகிச்சை எப்போதும் ஓ.பி. சீட்டில்தான் தொடங்கும்.

ஆகவே, பல் இல்லாமல் தவிக்கிற அம்மாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், இந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் வாயைக் காட்டுங்கள். சர்க்கரை அளவை எழுதி வாங்குங்கள். விபத்தோ கட்டியோ காரணம் என்றால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் போய், பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வயதால் போன பல் என்றால், முதலில் நன்றாகப் பொருந்துகிற ஒரு பல்செட்டுக்கு வழி பாருங்கள். டம்ளரில் கிடக்கும் பழைய பல்செட்டைக்கூடச் சிறிய திருத்தத்தில் பொருந்த வைக்க முடியும். ‘அளவு சரியில்லை’ என்று எடுத்துப்போய்க் காட்டாமலே கிடப்பவை ஏராளம்.